துணிக்கு மேலே

தொகுப்பு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்ல வருவது பாதியிலேயே புரிந்துவிடும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாவதோடு நின்று திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனவள். பழங்கதை பேசுகிற வயதும் எனக்கு ஆகவில்லை. ஆனால் போன ஐப்பசியில் அம்மா போனதிலிருந்து, ரூமில் என் வயதுப் பிள்ளைகள் கல்யாணம், போன், புதுத்துணி என்று பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் ஒரு தை மாதம் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. உங்களிடம் சொன்னால் பாரம் இறங்குமா என்று பார்க்கிறேன். இறங்கும் என்று நம்பிக்கை இல்லை.

சங்கராபுரத்திலிருந்து மலைப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, இறங்கிக் கொஞ்சம் நடந்தால் எங்கள் தெரு. வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். மழைக்காலத்தில் அது காணாமல் போய்விடும். தெருவில் எல்லாம் ஒரே மாதிரி வீடுகள். அப்பாவுக்கு மீசை முளைப்பதற்கு முன்பே சர்க்கார் கட்டிக் கொடுத்தவை. ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே சிமெண்டுத் தளம். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது மெத்தை வீடு. உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். காரை பெயர்ந்து பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பிகள் கருவாட்டு முள் மாதிரி வரிவரியாகத் தெரியும். எப்போது எது விழும் என்று சொல்ல முடியாது. சோற்றில் விழும். தண்ணீர்க் குடத்தில் விழும். கையை மடக்கி முகத்துக்கு மேல் வைத்துக்கொண்டு ஒருக்களித்துத் தூங்க அம்மா என்னைப் பழக்கியிருந்தாள். இன்றைக்கும் நான் அப்படித்தான் தூங்குகிறேன். ரூமில் கேலி செய்கிறார்கள்.

அப்பா கரும்பு வெட்டப் போவார். வெட்டு இல்லாத மாதங்களில் மரவள்ளி பிடுங்கப் போவார். அம்மாவுக்கு சங்கராபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை. கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் லீவு நாட்களில் கூடப் போயிருக்கிறேன். சந்தனமும் சாம்பாரும் ஊதுவத்தியும் கலந்து ஒரு வாசனை வரும். மணமேடையில் பிளாஸ்டிக் பூச்சரம் பாதி அறுந்து தொங்கும். தெர்மாகோலில் வெட்டிய பெண் மாப்பிள்ளை பெயர்கள் தரையில் கிடக்கும். நேற்று அத்தனை பேர் போட்டோ எடுத்துக்கொண்ட இடம், இன்றைக்குக் குப்பை. அந்தக் குப்பையிலிருந்துதான் அம்மா எங்கள் வீட்டைச் செய்தாள்.

சும்மா எடுத்து வந்து மாட்டிவிட மாட்டாள். யோசிப்பாள். பூச்சரத்தை அலசிக் காயவைத்து, வாடின நிறத்தை உள்பக்கம் மறைத்து மடித்துத் திரும்பக் கோப்பாள். தெர்மாகோல் எழுத்துகளை அடுப்படிச் சுவரில் பதித்து அதன் மேல் கரண்டி மாட்டினாள். எங்கள் வீட்டில் கிழக்குப் பக்கம் ஜன்னலே கிடையாது, வெறும் சுவர்தான். அங்கே இரண்டு ஆணி அடித்து, மணமகள் அறையில் கழற்றிப் போட்ட ஊதாத் திரையைக் கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"ஏன்டி, தெறந்தா சூரியன் வருமாடி?"

"தெறந்தாத்தானக்கா செவுரு. தெறக்காத வரைக்கும் சன்னல்தான்."

எனக்கு அந்தத் திரை ரொம்பப் பிடிக்கும். மேஜைக் காற்றாடி அந்தப் பக்கம் திரும்பும்போது அது லேசாக ஆடும். அதற்குப் பின்னால் ஒரு தோட்டம் இருப்பதாக நானே நினைத்துக்கொள்வேன்.

தளத்துக்குக் கீழே துணி கட்டினது கார்த்திகை மழை முடிந்த பிறகு. மண்டபத்தில் மேடைக்கு மேலே கொசுவம் வைத்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை மாற்றினார்கள். பழையதை எரித்துவிடச் சொன்னார்கள். அம்மா எரிக்கவில்லை. பெரிய மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் கூட இருந்தேன். கண்டக்டர் கேட்டார்:

"இன்னாக்கா, மண்டபத்தையே தூக்கிக்கினு வந்துட்டியா?"

"மாப்ளைய மட்டும் வேணாம்னு வுட்டுட்டு வந்துட்டன்பா."

பஸ்ஸே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். முன்வரிசைப் பல்லில் ஒன்று சாய்ந்திருக்கும். சிரித்தால் அது முதலில் தெரியும்.

தளத்தில் ஆணி அடிக்க முடியாது, அடித்தால் இன்னும் கொட்டும். அதனால் பந்தல்காரர்கள் செய்கிற மாதிரி அறையின் நாலு மூலையிலும் சவுக்குக் குச்சி நட்டு, கயிறு இழுத்து, அதில் துணியைக் கட்டினாள். நடுவில் கொஞ்சம் தொய்வு விட்டாள். மேலிருந்து விழுகிற காரை அந்தத் தொய்வில் சேரும். ஒரு மூலையில் மட்டும் இழுத்தால் அவிழ்கிற சுருக்கு. கனம் ஏறியதும் சுருக்கை இழுத்து, துணியைச் சாய்த்து, காரையை அன்னக்கூடையில் வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவாள். அதற்குப் பிறகு எங்கள் சோற்றில் எதுவும் விழவில்லை. மேலே விழுகிற சத்தம்கூட மாறிவிட்டது. முன்பு 'டப்'பென்று தரையில் தெறிக்கும். இப்போது புளியங்காய் மடியில் விழுகிற மாதிரி 'பொத்'தென்று.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. பிடிக்காது என்றால் சண்டை போட மாட்டார். படுத்துக்கொண்டே பேசுவார்.

"இருக்கறத வெச்சிக்கினு இருந்துட்டுப் போலாம்டி. இத்தினி சோடிப்பு எதுக்கு?"

"நானும் இருக்கறத வெச்சித்தான் செஞ்சிக்கினு இருக்கன். நீ இருக்கறத வெச்சிப் படுத்துக்கினு இருக்க. ரெண்டும் ஒண்ணா?"

"வுழறது வுழத்தான் போவுது."

"வுழட்டும். அதுவரைக்கும் பாக்கறதுக்கு ஒரு லட்சணம் வேணாமா?"

நான் அம்மா கட்சி. அப்பா சோம்பேறி என்று நினைத்தேன். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டில் நல்ல காற்று வருவது நடுவில்தான். அந்த இடத்தில் அப்பா பாயைப் போட்டுக்கொள்வார். என்னையும் அம்மாவையும் சுவரோரம் ஒதுங்கச் சொல்வார். புழுக்கத்தில் வெந்துகொண்டே அவரைத் திட்டுவேன். நடுவில்தான் தளம் ரொம்ப மோசம், சுவரோரம் கொஞ்சம் கெட்டி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. இப்போது கட்டட வேலைக்குப் போகிற ஒருத்தரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அப்பாவிடம் போய் அதைப் பற்றிப் பேச இப்போது வாய் வரவில்லை.

அந்தத் தை மாதம், பொங்கல் முடிந்து மாட்டுக் கொம்பில் பூசின வர்ணம்கூடப் போகவில்லை. அப்போது ஊருக்கு ஒரு சேதி வந்தது. இடிந்து விழுகிற நிலைமையில் இருக்கிற தொகுப்பு வீடுகளுக்குப் பதிலாகப் புது வீடு தரப்போகிறார்கள். எந்த வீடு, யார் வீடு என்று பார்த்து எழுத ஒரு மேடம் வருவார். ஊராட்சியில் எழுத்து வேலை பார்க்கிறவர் தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே தெரு மாறிவிட்டது. பெரியப்பா கடப்பாரையை எடுத்துவந்து அவர் வீட்டுத் தளத்தை உள்ளேயிருந்து குத்தினார். பலகை பலகையாகக் காரை கொட்டியது. பெரியம்மா பொங்கலுக்கு அடித்த வெள்ளையின் மேல் அடுப்புக்கரித் தண்ணீரை ஊற்றினாள். எதிர்வீட்டில் ஆடுகளை உள்ளே கட்டினார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள். திருவிழாவுக்கு வீட்டை அலங்கரிப்பதுபோல அலங்கோலம் செய்தார்கள்.

பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் கரி.

"இன்னாடி உன் வூடு கல்யாண வூடாட்டம் இருக்குது? மொதல்ல அந்தத் துணிய அவுத்துப் போடு. வர்றவங்க கம்பியப் பாக்கட்டும்."

"எப்டிக்கா? வர்றவங்க கீழ உக்காருவாங்க. தலைல ஒண்ணு வுழுந்துடுச்சின்னா?"

"வுழட்டுமே! வுழுந்தா உனுக்குத்தான் மொத வூடு."

அம்மா சிரித்தாள். ஆனால் பெரியம்மா சொன்னதைக் கேட்கவில்லை. சாயங்காலம் துணியை அவிழ்த்தது அடிபம்பில் துவைத்துத் திரும்பக் கட்டத்தான். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், இன்னொரு முனையை அவள் பிழிந்தாள்.

"ஏம்மா, பெரியம்மா சொல்றாங்களே."

"நம்ம வூட்டுக்கு ஒருத்தங்க வர்றாங்க, பாப்பா. வர்றவங்களக் குப்பைல உக்கார வெக்கிறதா? குப்பைல இருக்கறவளுக்கு வூடு குடுத்தா அதையும் குப்பையாக்கிடுவான்னுதான நெனைப்பாங்க? வெச்சிக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் குடுப்பாங்க."

அவள் கணக்கு அது. இப்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். மண்டபத்தில் அவள் பார்த்தது அப்படித்தான். நல்லபடியாகத் துடைத்து வைக்கிறவளுக்கு அடுத்த கல்யாணத்துக்கும் ஆள் அனுப்புவார்கள். அழுக்காக நிற்கிறவளை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். உலகம் முழுவதும் அந்த மண்டபம் மாதிரித்தான் என்று நினைத்துவிட்டாள்.

பிழிந்த துணியை உதறியபடி இன்னொன்றும் சொன்னாள். "புது வூடு வந்தா மேல கொக்கி போட்டு காத்தாடி மாட்டலாம். கழுத்து சுத்தாம நேரா நின்னு சுத்துற காத்தாடி. நம்ம தளத்துல கொக்கி போட்டா, காத்தாடியும் தளமும் சேந்து எறங்கிடும்." அவளுக்குப் புது வீடு என்றால் அதுதான். ஒரு கொக்கியைத் தாங்குகிற தளம்.

மேடம் ஸ்கூட்டியில் வந்தார். சின்ன வயதுதான், என் இப்போதைய வயதாக இருக்கலாம். அம்மா வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தாள். மண்டபத்தில் கேட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்திருந்தாள். காலையிலேயே துணியை அவிழ்த்து, சேர்ந்திருந்த காரையை ஒரு துண்டு மிச்சமில்லாமல் கொட்டிவிட்டு, புதுக் கொசுவம் வைத்துத் திரும்பக் கட்டியிருந்தாள். மேடத்தின் தலையில் எதுவும் விழக் கூடாது என்று.

மேடம் உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். அண்ணாந்து பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்துகொண்டது.

"ஐயோ, சூப்பரா இருக்குக்கா! யார் பண்ணது?"

"நான்தாங்க மேடம்."

"எங்க வீட்லகூட இப்டி இல்லக்கா."

அம்மாவின் சாய்ந்த பல் தெரிந்தது. கலர் சோடாவை என் கையில் கொடுத்து, கொடு என்று கண் காட்டினாள். மேடம் உட்கார்ந்து குடித்தார். போனில் ஒரு போட்டோ, இன்னொரு போட்டோ. கிழக்குச் சுவர்ப் பக்கம் திரும்பினார். காற்றாடி பட்டு ஊதாத் திரை ஆடியது.

"அந்தப் பக்கம் ஜன்னலா?"

அம்மா திரையைப் பார்த்தாள். சிரித்தாள். மேடம் தலையாட்டிக்கொண்டு போனில் எதையோ தட்டினார்.

வாசலில் நின்ற பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணால் மேலே காட்டினாள். அம்மாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மேல காரை ரொம்பக் கொட்டுதுங்க மேடம். கம்பியெல்லாம் தெரியுது."

"அப்படியா? ஒண்ணும் தெரியலையேக்கா."

"துணியத் தூக்கிக் காட்டட்டுங்களா?"

"வேணாம் வேணாம். இவ்ளோ அழகாக் கட்டியிருக்கீங்க, கலைக்காதீங்க."

அம்மா சுருக்கில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்துவிட்டாள். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். விழு, விழு என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு துண்டு விழுந்தால் போதும். அந்த வீடு அன்றைக்கு மட்டும் வாயே திறக்கவில்லை.

மேடம் போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார். பெரியம்மா வீட்டுக்குள் போனவர் மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு அதே வேகத்தில் வெளியே வந்ததைத் தெருவே பார்த்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அம்மா மாதிரி சந்தோஷமான ஆளை நான் பார்த்ததில்லை. தண்ணீர் பிடிக்கும்போது, களை எடுக்கும் பெண்களிடம், மண்டபத்தில், பஸ்ஸில், எல்லோரிடமும் சொன்னாள். "எங்க வூட்லகூட இப்டி இல்லன்னு அந்த மேடமே வாயால சொல்லிட்டாங்க." அப்பாகூட ஒரு நாள் அந்தத் துணியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கட்டியிருக்க" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

மாசி பிறந்து, ஊராட்சிக்காரர் ரேஷன் கடை வரிசையில் வைத்துச் சொன்னார். பெரியம்மா வீடு உண்டு, எதிர்வீடு உண்டு, தெருவில் பாதிப் பேருக்கு உண்டு. எங்களுக்கு இல்லை.

"ஏன்ணா எங்களுக்கு இல்ல?"

"உங்க வூடு நல்லா இருக்குதும்மா. சன்னல் கின்னல் எல்லாம் வெச்சி, சூப்பரா மெயின்டெயின் பண்ணிக்கினு இருக்கீங்களாம். இடிஞ்ச வூட்டுக்குத்தான குடுப்பாங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா மண்ணெண்ணெய் கேனையும் அரிசிப் பையையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

சேதி கேட்டு வந்த அப்பா நேராகப் போய்ச் சுருக்கை இழுக்கவில்லை. துணியையே பிடித்து இழுத்தார். சவுக்குக் குச்சிகள் சாய்ந்தன. அதில் சேர்ந்திருந்த காரை மொத்தமும் நடுவீட்டில் கொட்டியது. தூசியில் ஒருவருக்கொருவர் முகம் தெரியவில்லை. அம்மாவை அடிப்பார் என்று நான் அடுப்படிக்குள் ஓடினேன். அவர் அடிக்கவில்லை. அந்தக் குவியலின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இத்தக் காட்டியிருந்தாப் போதும்டி" என்றார். "சும்மா இருந்திருந்தாப் போதும். என்னாட்டம் சும்மா இருந்திருக்கலாம் இல்ல?"

அம்மா துடைப்பத்தை எடுத்தாள்.

திங்கட்கிழமை மனு வாங்குவார்கள் என்று யாரோ சொல்ல, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு டவுனில் மனு வாங்குகிற ஆபீசுக்குப் போனாள். கொட்டினதில் பெரிய துண்டாக, கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். சொன்னால்தான் நம்பவில்லை, கையில் கொடுத்தால் நம்புவார்கள் என்று. பஸ்ஸில் அது என் மடியில் இருந்தது. துரு என் பாவாடையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

கேட்டில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"பையில இன்னாம்மா?"

"வூடு சார்."

"இன்னாது?"

"எங்க வூடு சார். மேல இருந்து வுழுந்தது."

அவர் பைக்குள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கல்லெல்லாம் உள்ள எடுத்துக்கினு போவக் கூடாதும்மா. யார் மேலயாவது எறிஞ்சிட்டின்னா என் வேல போயிடும்."

"எறியறவளா இருந்தா இத்தினி நாள் எறியாம இருப்பனா சார்?"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. வெளியே டீக்கடையோரம் வைத்துவிட்டு வரச் சொன்னார். வைத்துவிட்டுப் போனோம். வெயிலில் நின்று நின்று எங்கள் முறை வந்தபோது, அம்மாவுக்குப் பேச வரவில்லை. எதைக் காட்டிப் பேசுவது? கைதான் காலியாக இருந்ததே. "காரை கொட்டுதுங்க" என்றாள். "மேடம் பாத்தாங்க, ஆனா துணிதான் பாத்தாங்க" என்றாள். மனுவை வாங்கியவருக்கு அது புரியவில்லை. நல்லபடியாகத்தான் பேசினார். அடுத்த தடவை எடுக்கும்போது பார்க்கலாம் என்றார். பின்னால் நிற்கிறவர் முன்னே வந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது டீக்கடைக்காரர் எங்கள் காரைத் துண்டை ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தார். பெஞ்சின்மேல் இரண்டு பேர் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கடைக்காரர் பதறினார்.

"உங்களுதாம்மா? எடுத்துத் தந்துடறன்."

"இருக்கட்டும்ணே" என்றாள் அம்மா. "எங்க வூட்டுல இருந்தத வுட இங்க நல்லா நிக்கிது."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு வசதியாக இருந்தது.

பெரியம்மா வீடு அடுத்த ஆவணியில் முடிந்தது. குடி போகிற அன்றைக்கு வீட்டை ஜோடிக்க அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். "உன்னாட்டம் யாருக்குடி வரும்?" என்று பெரியம்மா தாடையைப் பிடித்துக் கெஞ்சினாள். அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவள்தான் முதலிலேயே சொன்னாளே. அம்மா பெட்டியிலிருந்து நல்ல துணியாக எடுத்துத் துவைத்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏறி நின்று அண்ணாந்து பார்த்தாள். வழுவழுவென்று வெள்ளைத் தளம். நடுவில் ஒரு கொக்கி. அதைக் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் தொங்கியும் பார்த்தாள்.

"இன்னாடி பண்ற?" என்றாள் பெரியம்மா.

"தாங்குதுக்கா."

பிறகு கீழே இறங்கித் துணியை மடித்தாள். "இந்த வூட்டுக்குத் துணி வேணாம்" என்றாள். வாசலுக்கு மட்டும் பூச்சரம் கட்டிவிட்டு வந்துவிட்டாள். சாப்பிடக்கூட இல்லை.

அடுத்த தடவை என்று சொன்னார்களே, அது வந்தது. வந்து போனது. ஒரு முறை, ஏற்கெனவே பார்த்த வீடு என்றார்கள். இன்னொரு முறை, எங்கள் தெருவுக்கு வரவேயில்லை. அதற்குள் அம்மா எங்கள் வீட்டில் துணியைத் திரும்பக் கட்டிவிட்டாள். கட்டாமல் எப்படி? சோறு தின்ன வேண்டுமே. ஒன்பதாவதுக்கு சங்கராபுரம் போக வேண்டும், அனுப்ப வழியில்லை என்றபோது, என்னையும் அவள் அப்படித்தான் சமாதானம் செய்தாள். "திருப்பூர்ல துணி வேலதான, பாப்பா. மிச்சம் மீதி அழகழகாக் கெடக்கும். எடுத்துக்கினு வா, ரெண்டு பேரும் இன்னா பண்ணலாம்னு பாக்கலாம்." நான் நம்பினேன். அவள் குரலில் அது ஒரு நல்ல காரியமாகவே கேட்டது. லீவுக்கு வரும்போதெல்லாம் கட்பீஸ் மூட்டை கொண்டுவந்தேன். மேலே கட்டின துணி வெள்ளை போய், வருஷா வருஷம் ஒரு நிறம் கூடிக்கொண்டே போனது. பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

அம்மா பண்ணினது சாமர்த்தியமா, அப்பா பண்ணினது சோம்பேறித்தனமா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அப்பா அப்படியே விட்டுவிட்டார். அம்மா மூடி வைத்துவிட்டாள். கம்பி இரண்டு பேருக்கும் பொதுவாகத் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா அப்படி இல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்கு வீடு வந்திருக்கும். அவள் அப்படி இல்லாமல் இருந்திருந்தால் அத்தனை வருஷமும் அந்த வீட்டில் எப்படி இருந்திருப்போம் என்றும் தெரியவில்லை. எங்கே போனாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன். ரூமில் என் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது. படம் ஒட்டிக்கொள் என்று பக்கத்துக் கட்டில் பெண் சொன்னாள். வேண்டாம் என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அதனாலும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் வந்து பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் அம்மா காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று போன் வந்தது. நான் பஸ் ஏறுவதற்குள் இன்னொரு போன் வந்துவிட்டது.

காலையில் தெருவுக்குள் நுழைந்தபோது வழியை அடைத்துத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே பெஞ்சு போட்டு, தெருவில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மழை ஒழுகி அவள் கால்பக்கம் சேறாக இருந்தது. பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டேன்.

"ஏன் பெரிம்மா வூட்டுக்குள்ள வெக்கல?"

"கூட்டம் வரும்டி, கண்ணு. தளம் எப்ப எறங்கும்னு தெரியல. ஊர்ல எல்லாரும் கூடி வேணாம்னுட்டாங்க. ங்கொப்பா எவ்ளோ கேட்டுப் பாத்தாரு."

அப்பா எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மலையிலிருந்து, ரிஷிவந்தியத்திலிருந்து, எங்கெங்கிருந்தோ சொந்தம் வந்தது. மண்டபத்தில் கூட வேலை செய்த பெண்கள் வந்தார்கள். அழுதுவிட்டு எழுந்த பெண்கள் எல்லாம் எங்கள் வீட்டு வாசலுக்குப் போனார்கள். நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"எவ்ளோ நேர்த்தியா வெச்சிருக்கா பாரு."

"அந்தத் துணியப் பாருடி. ஒவ்வொண்ணும் ஒரு கலரு."

"மண்டபமாட்டமே இருக்குது. புண்ணியவதி."

ஒருத்தியாவது வாசற்படியைத் தாண்டவில்லை. பார்த்துவிட்டு, பின்னால் நிற்கிறவளுக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டார்கள். ஒரு குழந்தை உள்ளே ஓடப் பார்த்தது. அதன் அம்மா முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டாள்.

குளிப்பாட்ட நேரமானது. கோடிப் புடவை வந்துவிட்டது, மஞ்சளும் குங்குமமும் வீட்டுக்குள் சாமி மாடத்தில் இருந்தன. யார் போய் எடுப்பது என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மா என் முதுகில் மெல்லக் கை வைத்தாள்.

"பாப்பா, நீ போயி எடுத்துக்கினு வந்துடும்மா. உன் வூடுதான."

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். யாரோ பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் நடந்தேன். வாசலில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தராவது, நீ போகாதே என்று என் கையைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் பிடிக்கவில்லை.